பிரிக்காமல் வைக்கவும்

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் சர்க்கரை மாத்திரையை வாயில் போடுகிறாரா, இல்லை பழையபடி சட்டைப் பையில் போட்டு, சட்டையோடு துவைக்கக் கொடுக்கிறாரா?

ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். காரியம் இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே "ஏன்?" என்று ஆரம்பித்துவிடுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன்.

இங்கே புதிதாக ஒரு விசா கொடுக்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்கிறவர் இந்த ஊரில் உட்கார்ந்தபடியே அதைச் செய்யலாம். உள்ளூரில் யாரிடமும் வேலை கேட்கக் கூடாது. மற்றபடி வாடகை கொடுத்துக்கொண்டு ஒரு வருஷம் இருக்கலாம். எனக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. நான் சுற்றிப் பார்க்கிற அனுமதியில் வந்தவன், அது ஜூலையில் முடிகிறது. அதற்குள் இதை வாங்கியாக வேண்டும்.

வாங்காவிட்டால் குடியா முழுகிவிடும் என்பாய். உங்கள் பம்ப் கடைக்கு மேல் மாடியறையில் ஆறு வருஷம் உட்கார்ந்து பம்ப்புக்கும் தையல் மெஷினுக்கும் தமிழில் கையேடு எழுதினேன். ஒருத்தராவது அதை வேலை என்று நினைத்தார்களா? வீட்டில் இருப்பவன் வெட்டியாக இருப்பவன் என்று, சிலிண்டர் தூக்கவும் வங்கி வரிசையில் நிற்கவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். முப்பத்தெட்டு வயதில் ஒரு வருஷமாவது கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கிற மனுஷனாக இருந்து பார்க்க ஆசை.

மற்ற காகிதங்கள் சேர்ந்துவிடும். முகவரிச் சான்றுதான் இடிக்கிறது. அறை வீட்டுக்காரம்மாவுடையது, கரண்ட் பில்லும் அவர் பெயரில். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு மாற்று வழி வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவர் மாதம் ஒன்றாக மூன்று கடிதம் இந்த முகவரிக்குப் போட வேண்டும். தபால் முத்திரை தெளிவாக இருக்க வேண்டும். நான் பிரிக்கக் கூடாது. முன்பு சிலர் வெறும் உறைகளை வரவழைத்து ஏமாற்றினார்களாம். அதனால் நேர்காணலன்று மூன்றில் ஒன்றை அதிகாரியே பிரித்து, உள்ளே நிஜக் கடிதம் இருக்கிறதா என்று பார்ப்பார்.

ஆகவே மூன்று கடிதம் போடு. எதையாவது எழுது. பம்ப் கையேட்டை நேற்று மின்னஞ்சலில் அனுப்பினேன். வழக்கம்போல ஒரு பார்வை பார்த்து அனுப்பிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கலாமென்றால், இதை நீ படிக்க மூன்று மாதம் ஆகும். எந்தத் தேதியின் சௌக்கியத்தைக் கேட்பது? மே மாதத்தில் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன். முழங்கால் படியேறும்போது மட்டும் பேசுகிறது. அத்தான் மாத்திரை போடுகிறார், நான் எதிரில் நின்றால்.

உன்னிடம் கேட்க நிறைய இருக்கிறது. அந்த ஊரில் ஜன்னல் உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா? குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் வெந்நீர் வரும்? வீட்டுக்காரம்மா கதவைத் தட்டிவிட்டு வருகிறாரா, வந்துவிட்டுத் தட்டுகிறாரா? உன் முதலாளி ஒரு நாட்டில், நீ ஒரு நாட்டில், உன் கையேட்டைப் படிக்கிறவர்கள் இன்னொரு நாட்டில். இந்த விசா கொடுக்கிறவர்களுக்குத் தலை சுற்றாதா?

எதையாவது எழுது என்றாய். எனக்குத் தெரிந்தது நம் வேலைதான்.

பம்ப் கையேட்டைக் கல்லாவில் பில் போடுகிற கணினியிலேயே திறந்து பார்த்தேன். "இயக்குவதற்கு முன் பம்ப்பைத் தயார் நிலையில் வைக்கவும்" என்று எழுதியிருக்கிறாய். தயார் நிலை என்றால் என்ன? பம்ப் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க? ஆங்கிலத்தில் பார்த்தேன், அதிலும் அப்படித்தான் மொட்டையாக இருக்கிறது. அத்தானைக் கேட்டேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு பம்ப்பை இறக்கிக் கொடுத்தார். அவர் பேச்சு எப்போதுமே கையில்தான். பின்பக்கம் டிரம்மில் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்த்தேன். உள்ளே காற்று இருந்தால் தண்ணீர் ஏறாது. வெறுமனே சுற்றி, சூடேறி, சீல் உருகி, கடைசியில் மோட்டாருக்குள் சுற்றிய வைண்டிங் கம்பி கருகும். போன வருஷம் மட்டும் அப்படிக் கருகி நம் கடைக்கு வந்தவை பதினேழு.

உன் வரியை எடுத்துவிட்டு, "மேல் மூடியைத் திறந்து இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றவும். குமிழி நின்ற பிறகு மூடவும். அதன் பிறகே சுவிட்சைப் போடவும்" என்று எழுதினேன். மொத்தத்தில் இருபத்தாறு இடம் மாற்றியிருக்கிறேன்.

உன்னிடம் போனில் ஒரு நிபந்தனை போடப்போகிறேன். நான் ஒன்று போட்டால் நீயும் ஒன்று போட வேண்டும். நானே பேசி நானே கேட்டுக்கொள்ள எனக்குப் பொறுமை இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே நாடுகிறேன். போனில் போட்ட நிபந்தனைப்படி எழுதுகிறேன்.

உன் முதல் கடிதம் வந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு மண்ணும் தெரியவில்லை. உறைக்கு உள்பக்கம் நீலக் கோடு போட்டவன் நன்றாக இருக்க மாட்டான். நீ என்னைப் பற்றி என்னவெல்லாம் எழுதியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டே பல் தேய்க்கிறேன்.

பகலில் ஒரு கூடத்துக்குப் போகிறேன். மேஜையை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். நீள மேஜை, ஆளுக்கொரு விளக்கு, போன் பேசக் கண்ணாடிக் கூண்டு. எனக்கு இடப்பக்கம் உட்காருகிற பெண் வேலையை முடிக்கும்போதுதான் அவள் முதலாளி தூங்கி எழுவாராம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. எதிரில் ஒருவர், எங்கோ இருக்கிற கட்டிடங்களின் கூரை ஒழுகுவதைப் படத்தில் பார்த்தே சொல்கிறார். அவர் ஏணி ஏறி ஒன்பது வருஷம் ஆகிறதாம். எல்லோரும் வேலை செய்கிறார்கள், ஒருவர் வேலையும் இந்த ஊரில் இல்லை. வேடிக்கையாக இருக்கிறது.

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். அதில் ஓர் உறுதிமொழி: "இந்த வேலை முழுவதையும் நான் ஒருவனே செய்கிறேன்." ஒருவர் பெயரில் விசா வாங்கி இன்னொருவர் வேலை செய்வதைத் தடுக்கவாம். அது பொய் என்று தெரிந்தால் விசா கிடையாது. கையெழுத்துப் போட்டேன். பொய் ஒன்றும் இல்லையே. எழுதுகிறவன் நான், அக்கா ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதானே.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. நேர்காணலில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பாராம். பிரிக்கிற கடிதத்தை அவர் படித்துச் சொல்வார். அதனால் கடிதத்தில் வேலையைப் பற்றி எதுவும் எழுதாதே. எதற்கு வம்பு? மழை, வெயில், முழங்கால் போதும்.

இனி கம்பெனிக் கடிதம், அதாவது விசாவுக்குக் கேட்கிற அளவு சம்பளம் எனக்கு உண்டு என்ற சான்று, வந்தால் தீர்ந்தது. கேட்டு எழுதியிருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. முழங்காலும் சர்க்கரையும் கடையும் அப்படியே.

மழை இல்லை. வெயில் இருக்கிறது. நீ கேட்டதை எழுதிவிட்டேன். இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

"அக்கா ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதானே." இந்த வரியை மூன்று தடவை படித்தேன். அந்த ஒரு பார்வையில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். தெரியாது போலிருக்கிறது.

தையல் மெஷின் கையேடு வந்தபோது, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பதினான்கு தடவை ஊசி கோத்தேன். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரிகள் அல்லவா. எந்த இடத்தில் விரல் தடுமாறுகிறதோ அந்த இடத்தில் இரண்டு வரி சேர்த்தேன். துணி துவைக்கும் மெஷினுக்கு, கடைக்கு வந்த ஒரு அம்மாளை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். அவர் எங்கே நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாரோ, அந்தப் பக்கத்தையெல்லாம் புதிதாக எழுதினேன். நீ அனுப்புவது நாற்பது பக்கம். உனக்குத் திரும்பி வருவதும் நாற்பது பக்கம். நடுவில் ஐந்து நாள் போகிறது. அந்த ஐந்து நாளையும் நீ எந்தக் கணக்கில் எழுதினாய்?

கோபமாகத்தான் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பாளர் அம்மாவோ ஐயாவோ, அவரும் படிக்கட்டும்.

இன்னொரு சங்கதி. போன வியாழக்கிழமை கடைப் போன் அடித்தது. உன் கம்பெனியில் தமிழ்க் கையேடுகளை மேற்பார்வை பார்க்கிற அம்மா. ஆறு வருஷத்துக்கு முன் நீ கொடுத்த எண் இதுதானாம். பம்ப் கையேட்டில், மூலத்தில் இல்லாத ஒரு படி தமிழில் மட்டும் இருக்கிறது, அந்த இரண்டு குவளைத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தொழிற்சாலையில் கேட்கிறார்களாம். நீ கடையில் இருப்பாய் என்று நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார். நான் சொன்னேன். இருபது நிமிஷம் சொன்னேன். அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. கடைசியில், "இதையெல்லாம் எழுதறது யாருங்க?" என்று கேட்டார். என் தம்பி என்றேன். பிறகு சரி என்று வைத்துவிட்டார்.

இதைப் போனில் உன்னிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீ பதறுவாய், நான் சமாதானம் சொல்ல வேண்டும். ஆறு வருஷமாக உனக்குச் சமாதானம் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

சாப்பிடு, தூங்கு.

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், கொஞ்சம் வயிறு சரியில்லை. நீ எப்படி இருக்கிறாய்? இரண்டு வாரமாகப் போனை எடுத்ததும் அத்தானிடம் கொடுத்துவிடுகிறாய். அவர் "ம்" என்கிறார், நானும் "ம்" என்கிறேன்.

இரண்டாவது கடிதம் வந்தது. வீட்டுக்காரம்மாவின் சமையலறைத் தராசில் எடை போட்டுப் பார்த்தேன். முதலாவது பதினாறு கிராம், இது முப்பத்தொன்று. மழையையும் வெயிலையும் பற்றி முப்பத்தொரு கிராம் எழுத உனக்கு என்ன இருக்கிறது? வீட்டுக்காரம்மா (கேட்டிருந்தாயே போனில், தட்டிவிட்டுத்தான் வருகிறார்) நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, காதலியா என்று சைகையில் கேட்டார். அக்கா என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

கம்பெனிக் கடிதம் இன்னும் வரவில்லை. மூன்று தடவை கேட்டுவிட்டேன். "பரிசீலனையில் இருக்கிறது" என்கிறார்கள். வழக்கமாக இரண்டு நாளில் கொடுக்கிற கடிதம். என்னவோ நடக்கிறது, என்ன என்றுதான் தெரியவில்லை. உனக்கு ஏதாவது தோன்றுகிறதா? நேர்காணல் மே பதினான்கு. அதற்குள் வராவிட்டால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பயிருக்கு அடிக்கிற மருந்து தெளிப்பானின் கையேடு கிடைத்ததா என்று கம்பெனியில் ஏன் என்னைக் கேட்கிறார்கள்? எனக்கு அப்படி எதுவும் வரவே இல்லையே.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

வயிறு இந்நேரம் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன்.

"உனக்கு ஏதாவது தோன்றுகிறதா" என்று கேட்டிருந்தாய். தோன்றுவதென்ன, தெரியும். தெரிந்துகொண்டே போனில் வெயிலைப் பற்றிப் பேசினேன்.

மேற்பார்வையாளர் அம்மா மறுபடி கூப்பிட்டார். "யாரு எழுதினாங்கன்னு நான் கேக்கல. உங்களால எழுத முடியுமான்னு கேக்கறேன்" என்றார். ஒரு பரீட்சை வைத்தார். மருந்து தெளிப்பான் கையேடு, பதினெட்டுப் பக்கம். நீ இல்லாமல், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். அத்தான் இரண்டு நாள் கல்லாவைத் தானே பார்த்துக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை. தெளிப்பான் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

தேறிவிட்டேன். தம்பி, நான் தேறிவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? உன்னிடமும் மூடிய உறைக்குள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்க் கையேடுகளின் கடைசி வடிவத்தை இனி என் பெயரில் நான் எழுத வேண்டும் என்கிறார்கள். சம்பளம் உண்டு, ஆனால் உன் பங்கிலிருந்து பிரித்துத்தான் கொடுப்பார்கள். அப்படிச் செய்தால் உன் வருமானம் விசாவுக்குக் கேட்கிற அளவுக்குக் கீழே போய்விடும். என் பெயர் வந்தால் உன் விசா போகும். அதனால்தான் உன் கம்பெனிக் கடிதம் நின்றது.

தம்பிக்கு விசா கிடைக்கிறவரை பொறுங்கள், முதலில் அவனுக்குக் கடிதம் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். பொறுப்போம், ஆனால் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றார். நான் பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிடாதே. போனை வைத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் பழைய மோட்டார்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். உன்மேல் எரிச்சலாக வந்தது. நீ சின்னப் பிள்ளையில் என் இங்க் பேனாவை உடைத்தபோதுகூட அவ்வளவு வரவில்லை.

இரண்டாவது கடிதத்தைப் பிரிக்காமலே தீயில் போடு. கோபத்தில் எழுதிவிட்டேன். அதை அதிகாரி முன்னால் படித்தால் உன் காரியம் கெடும். இதை இந்த மூன்றாவது கடிதத்துக்குள் எழுதினால் உனக்கு எப்படித் தெரியும் என்று இப்போதுதான் உறைக்கிறது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். போனில் சொல்லலாம். ஆனால் ஏன் என்று கேட்பாய், அதில் என்ன இருக்கிறது என்று கேட்பாய். அதைச் சொல்ல வாய் வந்திருந்தால் நான் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

மூன்றில் ஒன்றைத்தானே பிரிப்பார். முதலாவதைப் பிரிக்கட்டும். அதிலும் பம்ப் இருக்கிறது, ஆனால் கோபம் இல்லை.

அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக நாலு வரி. எல்லோரும் நலம்தானே? கம்பெனிக் கடிதம் வந்துவிட்டது! உன் மூன்றாவது கடிதமும் வந்துவிட்டது. மூன்றையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கம்பெனியைக் கேட்டேன். பதிலில் கடைசி வரியாக, "உங்கள் அக்காவுக்கு எங்கள் அன்பு" என்று போட்டிருக்கிறது. அவர்களுக்கு உன்னை எப்படித் தெரியும்?

பத்து நாளில் எல்லாவற்றையும் படித்துவிடுவேன். ஒரு கடிதத்துக்காக இப்படிக் காத்திருந்ததே இல்லை.

தம்பி


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

நேற்று நேர்காணல். சின்ன அறை, பெரிய மேஜை. அதிகாரி நரைத்த மீசைக்காரர், ஒவ்வொரு காகிதத்தையும் தொட்டுவிட்டுத்தான் படிக்கிறார். பக்கத்தில் மொழிபெயர்ப்புக்கு ஒரு பெண், உன் வயது இருக்கும். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று உறைகளையும் வைத்தேன். முத்திரைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எடை பார்த்தார், நான் பார்த்த மாதிரியே. கனமானதை எடுத்துக் கத்தரியால் ஓரத்தை நறுக்கினார்.

அந்தப் பெண் முதலில் மனதுக்குள் படித்தார். ஊசி கோத்த இடத்தில் அவர் உதடு அசைந்தது. அப்புறம் தலையை நிமிர்த்தாமல் தமிழில் என்னிடம் கேட்டார்.

"உங்க அக்கா கிண்டலா எழுதறவங்களா?"

அக்கா, அது ஒரு கதவு. ஆமாம் என்று சொல்லியிருந்தால், குடும்பக் கடிதம், வேடிக்கைப் பேச்சு என்று சொல்லி அவர் மூடி வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. என் வாயில் ஆமாம் வந்துவிட்டது, உண்மையாகவே சொல்கிறேன், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவர் கையில் இருந்த தாள்களில் உன் எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. ஐந்து நாள் என்ற இடத்தில் நீ அடிக்கோடு போட்டிருந்தாய், பேனா தாளைக் கிழித்திருந்தது.

"கிண்டல் இல்லீங்க," என்றேன். "எழுதினது எல்லாம் நிஜம். எனக்கே இப்பத்தான் தெரியுது."

அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல அதிகாரி குறித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்த கதை வந்தபோது, அது எதற்கு என்று அவரே கேட்டார். நான் விளக்கினேன். கடைசியில், அப்படியானால் இந்த வேலையைச் செய்வது யார் என்றார். இரண்டு பேர் என்றேன். உறுதிமொழியில் ஒருவர் என்று இருக்கிறதே என்றார். கோப்பைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, முடிவைத் தபாலில் சொல்வதாகச் சொன்னார்.

மற்ற இரண்டையும் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். வராந்தாவில் நின்றபடியே படித்தேன். மூன்றாவதைப் படித்துவிட்டு, அங்கே ஒரு நாற்காலி இருந்தது, அதில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு வருஷம் உன் வேலையை என் பெயரில் அனுப்பியிருக்கிறேன். திருட்டு என்று தெரிந்தே செய்யவில்லை. தெரியாமல் செய்ததுதான் அசிங்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு. இன்று காலை கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். என் விசாவுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றும் எழுதினேன்.

தம்பி


மே 28

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேனா என்று உண்மையாகக் கேட்டிருக்கிறாய். இல்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

அந்தப் பெண் அவ்வளவு நல்லபடியாக வழி காட்டினாரே, ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே. உன்னை யார் அரிச்சந்திரனாக இருக்கச் சொன்னது? இதைத்தான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் முழுவதும் உன்னைத் திட்டினேன். மறுநாள் கடையைத் திறக்கும்போது, நீ ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் உன் முகத்தில் விழித்திருப்பேனா என்று யோசித்தேன். விழித்திருப்பேன். ஆனால் அடுத்த கையேட்டை நீ அனுப்பும்போது திறந்திருக்க மாட்டேன்.

அதனால் மன்னித்தேன் என்று எழுதுகிறேன். ஆனால் ஒரே நாளில் முழுவதும் ஆறிவிடாது. சூடான பம்ப் மாதிரி, கொஞ்ச நேரம் விட்டுத்தான் தொட வேண்டும்.

மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். முதல் ஒப்பந்தத் தாள் வந்திருக்கிறது. அத்தானிடம் காட்டினேன். முன்னும் பின்னும் படித்தார். "இத்தனை நாளா இதுதான் பண்ணிட்டிருந்தியா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷமாக எனக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கிற மனுஷன்.

உன் விசா என்ன ஆயிற்று? கடிதம் வந்ததும் போன் செய். மூடி மூடிப் பேசியது போதும்.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். போனில் சொன்னதுதான், விவரமாக எழுதுகிறேன். விசா இல்லை. உறுதிமொழி தவறு, புதுக் கணக்கில் வருமானமும் போதாது. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று குறித்திருக்கிறார்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்கலாம். ஜூலை எட்டுக்குள் கிளம்ப வேண்டும்.

வருத்தமாக இருக்கிறது. இந்த அறையும் ஜன்னலும் (வெளிப்பக்கம் திறக்கிறது, உன் முதல் கடிதத்துக்கு இப்போதுதான் பதில்) எனக்குப் பிடித்துப்போயிருந்தன. வீட்டுக்காரம்மா சாவியைக் கடைசி நாள்வரை வைத்துக்கொள் என்று சைகை செய்தார்.

கூடத்தில் ஒரு வேலை செய்தேன். ஒவ்வொருவரிடமும், உங்கள் வேலையை அனுப்புமுன் வேறு யாராவது பார்ப்பார்களா என்று கேட்டேன். கூரைக்காரர் முதலில் இல்லை என்றார். கொஞ்சம் பொறுத்து, படங்களைப் பெரிதாக்கி விரிசல்களைக் குறித்துக் கொடுப்பது தன் மனைவி என்றார். இடப்பக்கத்துப் பெண் எழுந்து கண்ணாடிக் கூண்டுக்குள் போய் யாரையோ போனில் கூப்பிட்டாள்.

மாடியறையை நீ எடுத்துக்கொள். கல்லாவில் பில் போட்டுக்கொண்டே கையேடு எழுதியது போதும். அந்த அறைக்குக் கதவு இருக்கிறது, உள்தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம், நான் வந்து எண்ணெய் விடுகிறேன். கையேட்டின் முதல் வரைவை நான் கீழே கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிலிண்டர் தூக்கக் கூப்பிட்டால் போகிறேன்.

அத்தான் மாத்திரை?

தம்பி


ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

இது நீ கிளம்புவதற்குள் வந்துசேரும் என்று நினைக்கிறேன். வந்ததும் பிரித்துப் படி.

எல்லோரும் நலம். அத்தான் மாத்திரையைத் தானாகவே போடுகிறார், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கம்பெனியில் என்னைத் தொழிற்சாலைக்கு வரச் சொல்கிறார்கள். புது மெஷின்கள் ஆறு வெளிவருகின்றனவாம். பிரித்துப் போட்டுக் காட்டுகிறோம், நீங்களே கையால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள், மூலத்தில் விட்டுப்போனதையும் சொல்லுங்கள் என்கிறார்கள். மூன்று மாதம். நேற்று பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தேன். சிரிக்கக் கூடாது என்றார் படம் எடுத்தவர். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, நாலு தடவை எடுத்தார். நாற்பத்தொன்பது வயது. இந்தக் கடையை விட்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல நான் போனதில்லை. பயமாக இருக்கிறது. பயத்தைவிட, அங்கே எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசை பெரிதாக இருக்கிறது. நீ கதவு, கதவு என்று எழுதினாயே, அது என்ன ஆசை என்று இப்போது தெரிகிறது.

விசாவுக்கு நானும் காகிதம் சேர்க்கிறேன். உன்னிடம் கேட்ட எதையும் என்னிடம் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்கிறார்கள். நான் திரும்பி வந்துவிடுவேன் என்று வீட்டில் ஒருவர் உறுதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

தாளை அத்தானிடம் கொடுத்தேன். மூன்று நாளாக அது கல்லாப் பெட்டிக்கு மேலேயே இருக்கிறது. பேனாவைத் திறக்கிறார், மூடுகிறார். யாராவது பம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் நிம்மதியாக எழுந்து போகிறார். நேரத்துக்குச் சாப்பிடுகிறார், மாத்திரை போடுகிறார். நல்ல பிள்ளையாக இருந்தால் நான் மனசு மாறுவேன் என்று நினைக்கிறாரோ என்னவோ.

நேற்று சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூன்றடி தள்ளி இல்லை, பக்கத்தில். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"வந்துருவியா?" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பதில் தெரியாமல் கேட்ட முதல் கேள்வி அதுதான். சட்டென்று ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

பத்திரமாக வந்து சேர்.

அக்கா